வட்டி வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்பு

போன வாரம் பெயின்டர் தன் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டிவிட்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன விலை என்பது அவர் மனைவிக்கு மறுநாள்தான் தெரியவந்தது.

கதை இதுதான். அவர்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் பெயின்டருக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை. வேலையும் போய்விட்டது. அரசாங்கம் தரும் உதவித்தொகையில்தான் அடுப்பு எரிகிறது. நல்லவேளையாக, ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு அறைகளைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தரைத்தளம், ஒரே ஒரு படி. இன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் கொடுத்தால் வீடு இவர்களுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு.

முன்பணத்தை நான் தருகிறேன் என்று முன்வந்தவள் பெரியக்கா. பெயின்டரின் ஒரே அக்கா. கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவள்.

"கூடப் பொறந்தவன்கிட்ட யாராவது வட்டி வாங்குவாங்களாடா? வட்டியெல்லாம் வேண்டாம். பொண்ணை மட்டும் என் வீட்டுக்கு அனுப்பு. அங்கேயே இருந்துக்கிட்டு கடையையும் பார்த்துக்கட்டும். படிப்பு எங்கே ஓடிடப் போகுது?"

பெயின்டர் தலையை ஆட்டியது இதற்குத்தான். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு.

பெயின்டரின் மனைவிக்கு 'வெண்கலம்' என்று பெயர் வைத்தது ரொட்டித் தொழிற்சாலை. பேக்கிங் பிரிவில் மெஷின்கள் போடும் கூச்சலையெல்லாம் தாண்டி அவள் குரல் வாசல் லாரி வரைக்கும் கேட்குமாம். தொழிற்சாலையை மூடி ஒரு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் புருஷனின் அக்கா முன்னால் அந்த வெண்கலம் ஒரு சத்தம் கொடுத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து "சரி அண்ணி", "ஆகட்டும் அண்ணி" என்றே காலம் போய்விட்டது.

அப்படிப்பட்டவள் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை பார்த்திருந்தாள். உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு அரசாங்கமே வட்டியில்லாமல் கடன் தருகிறது என்று பேக்கிங் தோழி ஒருத்தி காதில் போட்டாள். போட்ட மறுநாளே விண்ணப்பம் போய்விட்டது. மத்தியானம் நேரில் வரச்சொல்லி இன்று காலை போனில் தகவல் வந்தது. ரொட்டிக் கடையில் வேலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் கூசாமல் ஒரு புளுகு விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

உதவித்தொகை அலுவலகத்தில் நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமா, இல்லை தூக்கி எறிவார்கள் என்ற பயமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டு முன்பணத்துக்குக் கேட்டிருக்கீங்க. கொடுக்கலாம்னு முடிவாயிருக்கும்மா."

வெண்கலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "வட்டி?"

"கிடையாது. எவ்வளவு வாங்குறீங்களோ அவ்வளவுதான். உதவித்தொகையிலேயே கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்குவோம். கடைசித் தவணையோட கதை முடிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"இல்ல மேடம், வட்டிக்குப் பதிலா நாங்க என்ன செய்யணும்?"

அதிகாரி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன செய்யணும்னா?"

"ஆபீசுக்கு பெயின்ட் அடிச்சுக் கொடுக்கணுமா?"

கேலி செய்கிறாளோ என்று அதிகாரி ஒரு கணம் முறைத்தாள். வெண்கலத்தின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த வட்டியில்லாக் கடன் அதுதான். கல்யாணச் செலவுக்குப் பெரியக்கா கொடுத்த பணத்துக்கு வட்டி என்று ஒரு காசு வாங்கியதில்லை. வருஷா வருஷம் பெயின்டர் அவள் வீட்டுக்கும் கடைக்கும் கூலியில்லாமல் பெயின்ட் அடித்தார். விசேஷ நாட்களில் வெண்கலம் போய்ப் பாத்திரம் துலக்கினாள். எங்கே குடியிருப்பது, பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதெல்லாம் பெரியக்கா வாயிலிருந்து வரும். இதையெல்லாம் கண்ணாடி ஓட்டை வழியாக அவள் சொல்லச் சொல்ல, அதிகாரி ஜலதோஷத்தையே மறந்துவிட்டாள்.

"அம்மா, இங்கே அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது," என்றாள் மெதுவாக. "யாரும் உங்க வீட்டுக்கு வரமாட்டோம். எதுவும் சொல்லமாட்டோம். பணத்தைத் திருப்பிக் கட்டினா போதும்."

யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பதை வெண்கலம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இப்படி ஒரு கடன் இருக்கும்போது இத்தனை வருஷம் எங்கேயடி போயிருந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஆனா ஒரு விஷயம். உதவித்தொகை உங்க வீட்டுக்காரர் பேர்ல வருது. பிடித்தம் அதுலதான். அதனால அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இன்னிக்கு சாயங்காலம் கவுன்ட்டர் மூடுறதுக்குள்ள."

போச்சு. அரசாங்கத்திடம் கைநீட்டிக் கடன் வாங்குவதா என்று, அவள் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தபோதே ஒரு தடவை குதித்தவர் அவர். பெயின்டருக்கு உதவித்தொகை வாங்குவதே மானக்கேடு. அக்காவிடம் வாங்குவது மட்டும் மரியாதை.

அலுவலக வாசலிலிருந்து வீட்டுக்கு போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரரும் வாலுவும் இப்பதான் இறங்கிப் போனாங்க. அவ கையில ஒரு பை இருந்துச்சு. என்ன, பொண்ணு ஊருக்கா?"

வாலு என்பது மகள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டாள், அதனால் அந்தப் பெயர். பெண்ணைப் பையோடு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். பெற்றவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

வெண்கலத்துக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. கடைத்தெருவை நோக்கி நடந்தாள், நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்றே சொல்லலாம்.

பெரியக்காவின் கடையில் கூரையிலிருந்து தரைவரைக்கும் துணிதான். வெயிலை மறைக்கும் கனமான துணி ஒரு பக்கம், காற்றில் பறக்கும் வலைத்துணி ஒரு பக்கம். பித்தளை வளையங்கள் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். பெரியக்கா கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் அம்மாளுக்கு நீலத்துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பெயின்டர் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாலு கல்லாவுக்குப் பின்னால், மடியில் பையோடு.

கல்லாவுக்குப் பின்னால் மகளைப் பார்த்தாளோ இல்லையோ, வெண்கலம் நேராகப் போய் அந்தப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுந்திருடி. என்னங்க, நீங்களும் எழுந்திருங்க. ஒரு கையெழுத்துப் போடணும்."

"எங்கே? என்ன கையெழுத்து?" என்றார் பெயின்டர்.

"உதவித்தொகை ஆபீஸ்ல கடன் கொடுக்குறாங்க. வீட்டு முன்பணத்துக்கு. வட்டி கிடையாது."

பெரியக்கா துணியை மடிக்காமல் அப்படியே மேஜையில் போட்டாள். "என் தம்பி அரசாங்கத்துகிட்ட கையேந்தணுமா? நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது?"

"கையேந்தல அண்ணி. அவர் வேலை பார்த்த வருஷமெல்லாம் வரின்னு பிடிச்சாங்கல்ல, அது எங்கே போச்சு? வாங்குறது கடன். திருப்பிக் கட்டப்போறோம்."

"நான் கொடுக்குறதும் வட்டியில்லாத கடன்தானேம்மா. நான் என்ன கந்துவட்டிக்காரியா?"

"நீங்க வட்டி வாங்கலன்னு யார் சொன்னது?"

வாடிக்கையாளர் அம்மாள் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். போகவும் மனசில்லை, இருக்கவும் சங்கடம். நம்மில் யாராக இருந்தாலும் நின்றுதான் இருப்போம்.

வெண்கலத்துக்கு இப்போது நிறுத்தத் தெரியவில்லை. இத்தனை வருஷத்து "சரி அண்ணி"யும் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றது.

"இந்தச் சுவர் யார் அடிச்சது? இவர். மேலே போர்டுக்கு வர்ணம் யார் அடிச்சது? இவர். அந்த போர்டுக்கு ஏணி போட்டு ஏறும்போதுதானே விழுந்தாரு? வேற ஒரு கடையில விழுந்திருந்தா முதலாளி நஷ்டஈடு கொடுத்திருப்பாரு. இங்கே விழுந்ததுக்கு என்ன கொடுத்தீங்க? ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்தீங்க. இப்ப காலும் போச்சு, அடுத்து பொண்ணைக் கேக்குறீங்க. இதுக்குப் பேர் வட்டி இல்லாம வேற என்ன அண்ணி?"

பெரியக்காவின் முகம் வெளுத்தது. பாவம், அவளும் கெட்டவள் இல்லை. தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று பிள்ளை இல்லாதவள். கேட்டால் எல்லாம் பாசம் என்பாள், அதில் பொய்யும் இல்லை.

"எனக்கு யார் இருக்கா?" என்றாள் பெரியக்கா. குரல் உடைந்திருந்தது. "ராத்திரி சோறு போட்டுக்கிட்டா எதிர்ல உட்கார ஆள் கிடையாது. என் தம்பி பொண்ணு என்கூட இருக்கணும்னு நினைச்சது குத்தமா?"

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் வந்தது. வாலு எழுந்து நின்றாள்.

"அத்தை, எனக்கு உங்க வீடு ரொம்பப் பிடிக்கும். லீவுக்கு வர்றேன். நீங்க கூப்பிடாட்டியும் வருவேன். ஆனா கடனுக்கு வரமாட்டேன்."

பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒழுங்காகப் பதில் சொல்லாத பெண் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

பெரியக்கா தம்பியைப் பார்த்தாள். "என்னடா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? உன் பொண்டாட்டி பேசுறா, உன் பொண்ணு பேசுறா. நீ சொல்லு."

பெயின்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிடுவாரோ என்று வெண்கலம் அவர் தலையையே பார்த்தாள். ஆட்டினால் இந்தக் கடையிலேயே ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றார் பெயின்டர். "என் கல்யாணத்துக்குக் கொடுத்தியே, அந்தக் கடன் தீர்ந்துடுச்சா?"

"அதை இப்ப யாருடா கேட்டா? நான் என்னிக்காவது உன்கிட்ட அதைத் திருப்பிக் கேட்டிருக்கேனா?"

"அதான்க்கா. நீ கேட்டதே இல்லை. கேட்டிருந்தா எப்பவோ கொடுத்து முடிச்சிருப்பேன்."

பெரியக்கா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள்.

"கேக்காததாலதான் அது தீரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் பிரஷ்ஷை எடுக்கும்போது, இந்தத் தடவையோட முடிஞ்சுதுன்னு நினைப்பேன். நீ முடிஞ்சுதுன்னு சொல்லமாட்டே. நானும் கேக்கமாட்டேன். விழுந்து கிடந்தப்பகூட, போர்டு பாதியில நிக்குதேன்னுதான்க்கா யோசிச்சேன்." அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "என் பொண்ணுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். நான் போய்க் கையெழுத்துப் போடுறேன்."

"போடா," என்றாள் பெரியக்கா. அழுகை அடங்கி, குரலில் பழைய கறார் வந்திருந்தது. "எல்லாரும் போங்க. போய்ட்டு எப்படியும் என்கிட்டதான் வந்து நிக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் ஏன் அவ்வளவு நிதானமாகச் சொன்னாள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "டைம் முடிஞ்சுதும்மா. நாளைக்கு வாங்க."

நாளைக்கு வந்தால் வீடு போய்விடும். வெண்கலம் குனிந்து ஷட்டருக்கு அடியில் தலையை விட்டாள். ரொட்டித் தொழிற்சாலை கேட்ட குரலில் "ஜலதோஷ மேடம்" என்று ஒரு கூப்பாடு போட்டாள். உள்ளே போல்ட் போட்ட நாற்காலிகள் எல்லாம் அதிர்ந்திருக்கும். அதிகாரியின் பெயர் அவளுக்குத் தெரியாதே, வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மலும் அதன் பின்னால் ஒரு சிரிப்பும் வந்தன. "அவங்களை விடுப்பா."

பெயின்டர் குனிந்து நுழையச் சிரமப்பட்டார். காவலாளியே ஷட்டரைத் தூக்கிப் பிடித்தார். கவுன்ட்டரில் நின்று பேனாவை வாங்கியவர், கையெழுத்துப் போடுமுன் அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், இது தீர்ந்ததும் தீர்ந்துடுச்சுன்னு சொல்வீங்களா?"

"கட்டாயம் சொல்வோம். போன்ல தகவல் வரும்."

"அப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டார். விழுந்த பிறகு அவர் இவ்வளவு தெளிவாக எழுதி வெண்கலம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பணம் வங்கிக்கு வந்துவிடும் என்றாள் அதிகாரி. வெள்ளி வரைக்கும் நர்ஸம்மா பொறுக்க வேண்டுமே. வெளியே நடைபாதையில் நின்று வெண்கலம் போன் போட்டாள். கடன் கிடைத்துவிட்டது, அதிகாரியிடம் வேண்டுமானால் பேசச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை முதல் வேலையாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

மறுமுனையில் நர்ஸம்மா குழம்பினார். "எதுக்கும்மா பணம்? உங்க நாத்தனார் காலையிலேயே வந்து முழுசா கொடுத்துட்டாங்களே. சாவியும் அவங்கதான் வாங்கிட்டுப் போனாங்க."

நர்ஸம்மா சொன்னதை வெண்கலம் அப்படியே புருஷனிடம் சொன்னாள். நீலத்துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே சாவி பெரியக்காவின் கல்லாவில் கிடந்திருக்கிறது. அந்த நிதானம் வேறு எங்கிருந்து வரும்?

"ரசீது யார் பேருக்குப் போட்டீங்க?" என்று கேட்டது வெண்கலம் இல்லை. பெயின்டர் போனைத் தன் கைக்கு வாங்கியிருந்தார்.

"அவங்க பேருக்குத்தான் தம்பி. கொடுத்தது அவங்கதானே? நான் குடும்பம் ஒண்ணுன்னு நினைச்சேன்."

"குடும்பம் ஒண்ணுதான். வீடு வேற. சாவியைக் கொண்டுவந்து உங்க கையில கொடுத்தா, அவங்க பணத்தை அவங்களுக்கே திருப்பிக் கொடுத்துட்டு, வெள்ளிக்கிழமை எங்க பணத்தை எங்க பேர்ல வாங்கிக்குவீங்களா?"

நர்ஸம்மா மறுக்கவில்லை. "சாவி என் கைக்கு வந்தா வாங்கிக்கிறேன். ஆனா உங்க அக்கா கொடுப்பாங்களா?"

"கொடுக்கமாட்டா," என்றார் பெயின்டர். "நாங்க வாங்கிட்டு வர்றோம்."

போனை மனைவியிடம் நீட்டினார். பஸ் நிறுத்தம் இடது பக்கம். கடைத்தெரு வலது பக்கம். அவர் யாரையும் கேட்கவில்லை. தடியை ஊன்றி வலது பக்கம் திரும்பினார். முழங்கால் மடங்காத அந்த மனுஷனுக்கு ஈடுகொடுக்க வெண்கலமும் வாலுவும்தான் அன்றைக்கு நடையை எட்டிப் போட வேண்டியிருந்தது.